பின்னால் கூப்பிடாத ஊர்

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில், ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் அவனைப் பின்னாலிருந்து கூப்பிட யாருக்கும் உரிமை கிடையாது. தூக்குவாளியை மறந்துவிட்டுப் போகிறானா, போகட்டும். வேட்டியில் நெருப்புப் பிடித்திருந்தால்கூட ஊர்க்காரர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். பின்னால் கூப்பிட்டால் போகிற காரியமும் விளங்காது, போகிற ஆளும் விளங்க மாட்டான் என்பது அங்கே சட்டம்.

மறந்த சாமானைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். சாமானை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கண்மாய்க்கரை மேல் ஓடி, பருத்திக்காட்டைக் குறுக்கே கடந்து, போகிறவனுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்கப்புறம் வாயைத் திறக்கலாம். போகிறவன் எட்டி நடக்கிற ஆளாக இருந்துவிட்டால் இரண்டு தடவை மூன்று தடவை சுற்றி ஓட வேண்டியிருக்கும். அதனால் அந்த ஊர்ப் பெண்கள் எல்லாருமே நல்ல ஓட்டக்காரிகள்.

அப்படியும் வாய் தவறி யாராவது கூப்பிட்டுவிட்டால் பரிகாரம் உண்டு. போகிறவன் திரும்பி வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பலாம். கெட்ட நேரம் அதற்குள் அவனைத் தாண்டிப் போய்விடும் என்று சொல்வார்கள்.

சங்கிலிமுத்து பிறந்தது அந்த ஊரில்தான். சின்ன வயசில் அவருக்கு ஆடு மேய்க்கிற வேலை. ஆட்டை மேயவிட்டு, வெடித்துக் கிடக்கிற கரிசல் மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு பருந்தைப் பார்ப்பார். ஆடு எந்தப் பக்கம் போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கேட்டால் பனைமரக் கணக்கில் சொல்வார். வெயில் ஏற ஏறத் தூரத்தில் கானல் ஓடும். வெம்பக்கோட்டைப் பக்கத்து மரங்கள் எல்லாம் வேரை விட்டுவிட்டு அந்தரத்தில் மிதக்கும். தானும் அப்படி மிதந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவார். “மேல பாத்துக்கிட்டே திரியுதான், கெணத்துல விளுந்துதான் சாவான்” என்று ஊர் ஜோசியம் சொன்னது.

ஊர் சொன்ன ஜோசியம் என்றைக்குப் பலித்தது? உலக யுத்தம் முடிகிற சமயத்தில் மதுரையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், விமானப்படையில் இஞ்சின் மெக்கானிக் ஆகிவிட்டார். கைக்கு வேலை நன்றாக வந்தது. வாய்க்குத்தான் ஒன்றும் வரவில்லை. நாலு பேர் பேசுகிற இடத்தில் ஐந்தாவது ஆளாக நின்று சிரித்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

ஐம்பத்து மூன்றில் லீவில் வந்தபோது உள்ளூரிலேயே முருகம்மாளைக் கட்டிவைத்தார்கள். கல்யாணமான புதிதில் ஒரு விஷயம் அவருக்கு விளங்கவில்லை. லீவு முடிந்து அவர் கிளம்பும்போது அவள் வாசலுக்கே வர மாட்டாள். அடுப்படிக்குள் போய், முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்பாள். அவர் தெருவைத் தாண்டுகிற வரைக்கும் அந்தத் துணியை எடுக்க மாட்டாள். கோழியைக்கூட அவள் பின்னாலிருந்து ‘பா, பா’ என்று கூப்பிட்டதில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய்த்தான் தவிட்டைப் போடுவாள்.

காரணத்தை அவளிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊரே சொன்னது.

முருகம்மாளுக்கு ஒரே அண்ணன், தங்கச்சாமி. பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மருந்து கலக்குகிற அறையில் வேலை. மருந்து என்றால் வெடிமருந்து. தீபாவளிக்கு முந்தின சீசன், ஆர்டர் குவிந்துகிடக்கிற நேரம். ஒரு நாள் காலையில் அவன் கிளம்பித் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, தாவணி போட்ட பெண்ணாக இருந்த முருகம்மாள் வாசலில் நின்று “அண்ணே!” என்று கத்திவிட்டாள். அம்மாக்காரி கருப்பம்மாள் பாய்ந்து வந்து மகள் வாயைப் பொத்தினாள். தங்கச்சாமிக்குக் காதில் விழுந்தது. தோளைக் குலுக்கி, “கூப்பிட்டுட்டியா, சனியனே” என்று முணுமுணுத்தான். ஆனால் திரும்பவில்லை. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகவும் இல்லை. லேட்டாகப் போனால் போர்மேன் ஏசுவார்.

மத்தியானம் சத்தம் கேட்டது. கண்மாயில் இருந்த கொக்கெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்ததை இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த அறையில் வேலை செய்த ஒருவரும் வீட்டுக்குத் திரும்பவில்லை.

‘தங்கச்சி கூப்பிட்டா, போனவன் வரலை’ என்று ஊர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டது. கம்பெனியில் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்க ஆள் இல்லை. அந்தப் பெண் கூப்பிட்டாளா என்று கேட்க மட்டும் ஆயிரம் பேர். அவளும் அதை நம்பிவிட்டாள். அதுதான் பெரிய கொடுமை.

சங்கிலிமுத்து படையிலிருந்து விலகி, பம்பாயில் ஒரு விமானக் கம்பெனியில் சேர்ந்தார். கொஞ்ச வருஷத்தில் ஜெட் விமானம் வந்தது. அதில் அவருக்கு ஃப்ளைட் இஞ்சினியர் வேலை கிடைத்தது. அந்த லீவில் ஊருக்கு வந்தபோது டீக்கடைச் செல்லச்சாமி மரியாதையாக பெஞ்சைத் துடைத்துவிட்டுக் கேட்டார்.

“அம்புட்டுப் பெரிய ஏரோப்பிளேன நீங்கதான் ஓட்டுறீகளாக்கும்?”

“இல்ல அண்ணாச்சி. ஓட்டுறவுக ரெண்டு பேரு முன்னால இருப்பாக. நான் அவுகளுக்குப் பின்னால ஒக்காந்து இஞ்சினப் பாத்துக்கிடணும். எறங்குறப்ப, எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லணும்.”

“பின்னாலயா? அப்ப கண்டக்டருன்னு சொல்லுங்க!”

அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் கண்டக்டர் சங்கிலிமுத்து. சிவகாசி பஸ்ஸில் கண்டக்டர் பின்படியில் தொங்கிக்கொண்டு ‘ஓல்டான்’ என்று ஒரு சத்தம் கொடுத்தால் பஸ் நிற்கும்; ‘ரைட்’ என்றால் நகரும். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதே வேலையை வானத்தில் செய்கிறார் என்பது ஊரின் முடிவு. அவரும் மறுத்துச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் பெரிய தப்பும் இல்லை.

முருகம்மாளுக்கு மட்டும் அந்தப் பேச்சு சிரிப்பாக இல்லை.

“ஏங்க, அவுக ரெண்டு பேருக்கும் பின்னாலயா ஒக்காந்திருப்பீக?”

“ஆமா.”

“ஏதாச்சும்னா கூப்பிட வேண்டி வருமோ?”

“வரும்ல. கூப்பிடத்தான என்னைய ஒக்கார வச்சிருக்காக.”

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். அடுப்படியில் துணியைக் கடித்துக்கொண்டு நிற்பாளே, அந்த முகம். உடனே மாற்றிச் சொன்னார்.

“கூப்பிட மாட்டேன், முருகு. எட்டிப் பக்கத்துல போயி, காதுக்கிட்டச் சொல்லிக்கிடுவேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பெண்டாட்டிக்குச் செய்கிற சத்தியத்தில் பாதி வாய் வார்த்தைதான். ஆனால் சங்கிலிமுத்து இதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். விமானத்தில் எதையாவது சொல்ல வேண்டியிருந்தால், இருக்கையிலிருந்து எக்கி, இரண்டு விமானிகளுக்கும் நடுவில் கழுத்தை நீட்டி, முகத்தைக் கேப்டனின் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அப்புறம்தான் பேசுவார். அவருக்கு அது கண்மாய்க்கரையைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நிற்பது மாதிரி. கூட வேலை செய்தவர்கள் ஒட்டகச்சிவிங்கி என்று பட்டம் வைத்தார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சங்கிலிமுத்து கழுத்தை வைத்துப் பிழைத்தார். பயிற்சி கொடுத்தவர் மட்டும், “உன் குரல் தொண்டையைத் தாண்டுவதற்குள் விமானம் தரைக்கு வந்துவிடும்” என்று அடிக்கடி சொல்வார்.

மற்றபடி அந்த வருஷங்கள் கனவு மாதிரிதான் போயின. ஜெட் ஏறுகிற உயரத்தில் குலுக்கல் கிடையாது. சத்தம்கூட எங்கேயோ பின்னால் தங்கிவிடும். கீழே மேகம் பருத்தி வெடித்த காடாகக் கிடக்கும், எடுப்பதற்கு ஆளில்லாமல். சூரியன் அந்த வெள்ளையில் பட்டு, காக்பிட் முழுக்க ஒரு பால் வெளிச்சம் நிறையும். இஞ்சின் முள்கள் எல்லாம் அசையாமல் நிற்கிற நேரத்தில், சங்கிலிமுத்து பருந்தைப் பார்த்துப் படுத்திருந்த பையனாகிவிடுவார். இப்போது கீழே யாரோ ஒரு பையன் மல்லாந்து படுத்துக்கொண்டு நம்மைப் பார்த்துப் பனைமரக் கணக்குச் சொல்வான் என்று தோன்றும். எந்த நாட்டுக்கு மேலே போனாலும் அந்தப் பையன் கரிசல் மண்ணில்தான் படுத்திருப்பான்.

கனவெல்லாம் மேலே இருக்கிற வரைக்கும்தான். இறங்கும்போது உயரமானியைப் பார்க்க வேண்டும். ஆல்டிமீட்டர் என்பார்கள். பார்க்கக் கடிகாரம் போலிருக்கும், ஆனால் அது உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. காற்றின் அழுத்தத்தை அளந்து அதை உயரமாகச் சொல்கிறது. ஊருக்கு ஊர் நெல் அளக்கிற படி வேறு என்பதுபோல ஊருக்கு ஊர் அந்த அழுத்தமும் வேறு. மேலே பறக்கும்போது எல்லா விமானங்களும் பொதுவான ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும். இறங்கும்போது, இறங்குகிற ஊரின் அன்றைய எண்ணை ரேடியோவில் கேட்டு, உயரமானியின் திருகைத் திருப்பி மாற்ற வேண்டும். மாற்ற மறந்துவிட்டால் அது பொய் சொல்லும். அதுவும் மழைக்காலத்தில், இருக்கிற உயரத்தைவிடக் கூடுதலாகச் சொல்லும். நானூறு அடி கூடுதலாகச் சொன்னால், மேகத்துக்குள் கண் தெரியாமல் இறங்குகிறவர்களுக்கு அந்த நானூறு அடியும் முள்ளில்தான் இருக்கும், காலுக்குக் கீழே இருக்காது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று கிணற்றுக்குச் சொன்னது விமானத்துக்கும் பொருந்தும்.

இடப்பக்கம் கேப்டனுக்கு முன்னால் ஒரு உயரமானி, வலப்பக்கம் துணை விமானிக்கு முன்னால் ஒன்று. அவரவர் கண் அவரவர் முள்ளில்தான் இருக்கும். இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்கப் பின்னால் இருப்பவனுக்குத்தான் வசதி. அதனால்தான் இறங்கும்போது ஃப்ளைட் இஞ்சினியர் தன் இருக்கையை முன்பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டையும் பார்க்க வேண்டும், வித்தியாசம் தெரிந்தால் உடனே குரல் கொடுக்க வேண்டும் என்று கம்பெனியில் விதி போட்டிருந்தார்கள்.

அறுபத்து நாலில், ஆனி மாதத்தில் ஒரு காலை. அரபு நாட்டுப் பக்கமிருந்து பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தார்கள். கேப்டன் பருச்சா ஓட்டினார். நல்ல மனிதர், சிரிக்கும்போது தொப்பை குலுங்கும். மழை மேகம் கடலிலிருந்து மலை வரைக்கும் ஒரே சுவராக நின்றது. அதற்குள் நுழைந்ததும் விமானம் கரடுமுரடான வண்டிப் பாதையில் போகிற மாட்டுவண்டியாக ஆட ஆரம்பித்தது. “எல்லோரும் தோள்பட்டையை இறுக்கிக் கட்டுங்கள்” என்றார் பருச்சா. சங்கிலிமுத்து இரண்டு தோளிலும் வாரை இழுத்து மாட்டினார்.

ரேடியோவில் பம்பாயின் எண் வந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தன் உயரமானியில் மாற்றினார். பருச்சாவின் கையும் தன்னுடைய திருகை நோக்கிப் போனது. அந்த நேரம் பார்த்து விமானத்தின் மூக்குக்கு நேரே ஒரு மின்னல் வெட்டியது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திருகுக்குப் போன கை ஸ்டியரிங்குக்கு வந்துவிட்டது. அது மறுபடி திருகுக்குப் போகவே இல்லை. சங்கிலிமுத்துவின் கண் அப்போது இஞ்சின் முள்களில் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

இன்னும் இறங்கினார்கள். சங்கிலிமுத்து இருக்கையை முன்பக்கம் திருப்பினார். துணை விமானி கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற மாதிரி வெளியே பார்த்து ஓடுபாதையின் விளக்கைத் தேடிக்கொண்டிருந்தார். இடப்பக்கத்து உயரமானி ஆயிரத்து முன்னூறு அடி என்றது. வலப்பக்கத்து உயரமானி தொள்ளாயிரத்துக்கும் கீழே காட்டியது.

முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். மறுபடி பார்த்தார். இடப்பக்கத்தில், முள்ளுக்குப் பக்கத்துச் சின்னக் கட்டத்தில், மேலே பறக்கும்போது வைத்திருந்த பழைய எண் அப்படியே நின்றது. பொய் சொல்வது கேப்டனின் முள். அந்தப் பொய்யைப் பார்த்துக்கொண்டுதான் அவர் நிதானமாக இறங்கிக்கொண்டிருக்கிறார்.

சங்கிலிமுத்து எக்கினார். வார் அவரை இழுத்துப் பிடித்தது. கழுத்தை நீட்டினார். இறுக்கிக் கட்டிய வார் ஒரு விரல்கடைகூட விடவில்லை. கேப்டனின் பிடரி எதிரே தெரிந்தது. அவர் போய்க்கொண்டிருக்கிற ஆள். போகிற ஆளுக்குப் பின்னால் சங்கிலிமுத்து.

வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மாமியார் கருப்பம்மாளின் கை எங்கிருந்தோ வந்து வாயைப் பொத்தியது. மேகம் கண்ணாடியில் சாம்பல் நிறமாக ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சாம்பலுக்குள் கண்மாய்க்கரை தெரிந்தது, கரைமேல் இடுப்பில் எதையோ இடுக்கிக்கொண்டு ஒரு பெண் ஓடுவது தெரிந்தது. பருத்திக்காடு, வெயில், கானல். முன்னால் போய் நின்றுவிடு, முன்னால் போய் நின்றுவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. இங்கே சுற்றி ஓடக் கரை ஏது, காடு ஏது? விமானத்துக்கு முன்னால் இருந்தது மழைதான். அந்த மழைக்குள் எங்கேயோ மலை. பின்னால் கதவுக்கு அந்தப் பக்கம் நூறு பேருக்குமேல் பிள்ளை குட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் யாராலும் கூப்பிட முடியாது. கூப்பிடுவதற்கென்று அங்கே இருந்த ஒரே ஆள் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

முள் இறங்கியது.

“ஓல்டான்!”

அடிவயிற்றிலிருந்து வந்தது. அவர் நினைத்துக் கத்தவில்லை. சிவகாசி பஸ்ஸின் பின்படியிலிருந்து வந்த சத்தம் அது. அது வந்த பிறகுதான் ஆங்கிலம் வந்தது. “கேப்டன், உங்கள் ஆல்டிமீட்டர்! தாழ்ந்துவிட்டோம்!”

பருச்சா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கண் தன் முள்ளுக்குப் போய், பக்கத்து முள்ளுக்குப் போய், திரும்பி வந்தது. அவ்வளவுதான். கை இஞ்சின் பிடிகளை முழுக்க முன்னால் தள்ளியது, மூக்கு மேலே எழும்பியது. விமானம் உடம்பெல்லாம் அதிர உறுமிக்கொண்டு ஏறியது. அந்த நேரத்தில் மேகம் ஒரு பக்கம் கிழிந்தது. கிழிசலுக்குள் ஈரமான கறுப்புப் பாறையும், பாறையில் ஒரு புதரும் தெரிந்தன. புதரின் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. பிறகு மேகம் மூடிக்கொண்டது.

மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒன்றுமே நடக்காதது மாதிரி பருத்திக்காடு வெள்ளையாகக் கிடந்தது. பருச்சா திருகைத் திருப்பி எண்ணை மாற்றினார். கொஞ்ச நேரம் வட்டமடித்தார்கள். பருச்சா தண்ணீர் கேட்டார். வந்த தம்ளரில் பாதியைக் குடித்துவிட்டு, திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார். சங்கிலிமுத்து வாங்கிக் குடித்தார்.

குடித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டாயிற்று. போகிறவர் திரும்பிவிட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்தாயிற்று, ஒரு வாய் தண்ணீரும் குடித்தாயிற்று. இனி மறுபடி கிளம்பலாம். ஊர் சொன்ன பரிகாரத்தில் ஒன்றுகூடப் பாக்கி இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் நீரும் வந்தது. இரண்டாம் தடவை இறங்கும்போது இரண்டு முள்களும் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தன. சக்கரம் தரையைத் தொட்டது பயணிகளில் பாதிப் பேருக்குத் தெரியவே இல்லை.

படிக்கட்டில் இறங்கி மழையில் நிற்கும்போது பருச்சா கேட்டார். “என் முள் தப்பு என்று எப்போது பார்த்தாய்?”

“கத்துவதற்குக் கொஞ்சம் முன்னால், சார்.”

“அந்தக் கொஞ்சம் வேண்டாம். அடுத்த தடவை பார்த்ததும் கூப்பிடு.” புகைக்கிற பைப்பில் தீ வைக்கப் பார்த்தார். மழையில் குச்சி அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தார். அதுவும் அணைந்தது. பைப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஆவணியில் லீவு கிடைத்தது. விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் மாறி, ஊர் வந்து சேர்ந்தார். முருகம்மாள் வாசலில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் பம்பாய்க்குக் குடி வர மறுத்துவிட்டாள். அங்கே எல்லாரும் எல்லாரையும் பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து அந்தப் பேச்சை எடுக்கவே விடுவதில்லை. கருப்பம்மாள் இறந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. மகள் மாரித்தாய் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள்.

சாப்பாடு முடிந்து அவள் மறுபடி குழாய் உருட்ட உட்கார்ந்ததும் சங்கிலிமுத்து சொன்னார். “முருகு, ஒனக்குப் பண்ணுன சத்தியத்த மீறிட்டேன்.”

உருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. “பின்னாலருந்து கூப்பிட்டீகளா?”

“கூப்பிட்டேன்.”

“அய்யோ! யாருக்கு என்னாச்சு?”

“ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகல. கூப்பிட்டதாலதான் ஒன்னும் ஆகல.”

நடந்ததைச் சொன்னார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். அவள் இமைக்காமல் கேட்டாள். ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

“அவுக கேட்டாகளா? திரும்பிட்டாகளா?”

“ஏரோப்பிளேனையே திருப்பிட்டாக. மேல ஏறி, ஒக்காந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் மறுபடி எறங்குனோம்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சங்கிலிமுத்துவுக்கு விமானத்தில் வந்த கேள்வி ஒன்று இத்தனை நாளும் நெஞ்சுக்குள் கிடந்தது. மெதுவாகக் கேட்டார்.

“அன்னைக்கு ஒங்க அண்ணன எதுக்குக் கூப்பிட்டே?”

முருகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கூப்பிட்டாயா என்று கேட்டார்கள். ஏன் கூப்பிட்டாய் பாவி என்று ஏசினார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. கட்டிய புருஷனும் பதினோரு வருஷமாகக் கேட்கவில்லை.

“புதுச் செருப்பு போட்டிருந்துச்சுங்க அண்ணன்” என்றாள். “விருதுநகருக்குப் போயி வாங்குனது. அடியில இரும்பு லாடம் அடிச்சிருந்துச்சு. தெருவுல நடக்கயில டக்கு டக்குன்னு கேட்டுச்சு. மருந்து ரூமுக்கு வெறுங்கால்லதான போவணும், இரும்பு ஒரசுனா பொறி பறக்கும்ல. அதக் களத்திப் போட்டுட்டுப் போண்ணேன்னு சொல்லத்தான்... அண்ணேங்குறதுக்குள்ள ஆத்தா வாயப் பொத்திருச்சு.”

அவன் செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டிருக்கலாம். புதுசு, யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று உள்ளே கொண்டுபோயும் இருக்கலாம். வெடித்ததற்குக் காரணம் வேறு எதுவாகவும் இருக்கலாம். தெரிந்தவர்கள் அன்றைக்கே போய்விட்டார்கள்.

“நீ சரியாத்தான் கூப்பிட்டிருக்கே, முருகு” என்றார். “கூப்பிட வேண்டியவ கூப்பிட்டே. திரும்ப வேண்டியவுக திரும்பல.”

அவள் அழுதாள். துணியை வாயில் வைக்காமல், தெருவெல்லாம் கேட்க, வாய்விட்டு அழுதாள். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். சங்கிலிமுத்து யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார். அது பொய் என்றும் சொல்ல முடியாது.

லீவு முடிந்து கிளம்பிய காலையில் செல்லச்சாமி கடைக்கு முன்னால் சிவகாசி பஸ் நின்றது. சங்கிலிமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்தார்.

“ஏங்க!”

டீக்கடை அப்படியே நின்றுபோனது. செல்லச்சாமி ஆற்றிக்கொண்டிருந்த டீ கிளாஸுக்கு வெளியே விழுந்தது.

“ஏங்க! கண்ணாடிய வச்சிட்டுப் போறீக!”

வீட்டு வாசலில், தெருவைப் பார்த்து, கையில் அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முருகம்மாள் நின்றாள். முள்களைப் பார்க்க அந்தக் கண்ணாடி இல்லாமல் இப்போதெல்லாம் அவருக்கு ஆகாது.

“என்ன இது, பின்னால கூப்பிட்டுருச்சே!” என்று பதறினார் செல்லச்சாமி.

“கூப்பிடட்டும் அண்ணாச்சி. கூப்பிடத்தான வேணும்” என்று சொல்லிவிட்டு சங்கிலிமுத்து திரும்பி நடந்தார். பின்னால் கண்டக்டர் ‘ஓல்டான்’ என்று குரல் கொடுத்து பஸ்ஸை நிறுத்திவைப்பது கேட்டது.

வாசலில் உட்கார்ந்தார். அவள் செம்பில் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஒரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டுக் கிளம்பினார். அவள் இந்தத் தடவை அடுப்படிக்குப் போகவில்லை. அவர் பாதித் தெரு போயிருப்பார்.

“ஏங்க!”

திரும்பினார். “இப்ப என்ன புள்ள?”

“ஒன்னுமில்ல” என்றாள் முருகம்மாள். “திரும்புறீகளான்னு பாத்தேன்.”